குட்டிகளிடம் திரும்பாத கருப்பி

சாரம் பகுதியில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே ஒடுங்கிப் போகும் சந்து ஒன்றில் கலையரசியின் வீடு இருக்கிறது. ஆட்டுக்கார கலையரசி என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஆறு வெள்ளாடுகள் வைத்திருப்பதால் மட்டும் அந்தப் பெயர் வந்துவிடவில்லை. ஈன்ற ஆடு குட்டியைச் சேர்க்க மாட்டேன் என்றாலும், தாய் செத்த குட்டிக்கு வேறொரு மடி வேண்டும் என்றாலும், அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

போன ஆனியில் பெயின்டர் கலியமூர்த்தி வந்ததும் அப்படித்தான். தோள் துண்டில் ஒரு குட்டியைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"தாய் போயிடுச்சும்மா. பிளாஸ்டிக் பைய தின்னுட்டிருக்கு. இது காலையிலேருந்து கத்திக்கினே கெடக்குது."

"பாட்டில்ல பால் குடுத்தீங்களா அண்ணே?"

"குடுத்தேன். எம் மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிக்குது."

"அதுக்கும் பயமா இருக்குமில்ல" என்று சொல்லிக்கொண்டே கலையரசி குட்டியை வாங்கினாள்.

அவளிடம் அப்போது ஒற்றைக் குட்டி ஈன்ற ஆடு ஒன்று இருந்தது. மடி கனத்துத் தொங்கியது. அந்த ஆட்டின் பாலையே கொஞ்சம் கறந்து, வந்த குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவி, மேலே சிட்டிகை உப்பைத் தூவினாள். ஆட்டைச் சுவரோரம் நிறுத்தி முழங்காலால் அணைத்துக்கொண்டு குட்டியைக் காம்பில் விட்டாள். வெள்ளாடு தன் குட்டியை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. பால் குடிக்கும்போது திரும்பி வாலடியை முகர்ந்து பார்க்கும். தன் வாசனை இல்லையென்றால் முட்டித் தள்ளிவிடும். இந்த ஆடும் திரும்பியது, முகர்ந்தது, உப்புக்காக நக்க ஆரம்பித்தது. நக்கிய நாக்குக்குக் குட்டி சொந்தமாகிவிட்டது. இரண்டு மூன்று நாளில் கலியமூர்த்தியின் குட்டி எது, அவளுடைய குட்டி எது என்று ஆட்டுக்கே வித்தியாசம் இல்லாமல் போனது.

சின்ன வயதிலிருந்தே அவள் கண் இதில்தான் இருந்தது. பிறந்தது முத்தியால்பேட்டையில். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியதும் அம்மா நான்கு ஆடுகளை வாங்கி வளர்த்துத்தான் இரண்டு பெண்களையும் கரையேற்றினாள். மூத்தவள் கண்ணகி, இளையவள் கலையரசி. பள்ளிக்கூடம் விட்டால் கண்ணகி நேராக வீட்டுக்கு வருவாள். கலையரசி வரமாட்டாள். சாக்கடை ஓரத்தில் பன்றி படுத்திருந்தால் அங்கேயே நின்றுவிடுவாள். பன்றி ஒருவிதமாக உறுமிக் கூப்பிடுவதையும், குட்டிகள் ஓடி வந்து ஆளுக்கொரு காம்பைப் பிடிப்பதையும், நேற்றுப் பிடித்த காம்பையே இன்றும் தேடிப் பிடிப்பதையும் வீட்டில் வந்து சொல்லுவாள். வாதாமரத்துக்கு வரும் பழவௌவால் தன் குட்டியை மாரோடு தொங்கவிட்டபடியே பறப்பதை அக்காவுக்குக் காட்டியவளும் அவள்தான். கண்ணகிக்கு அன்று இரவெல்லாம் அந்தக் குட்டி விழுந்துவிடுமோ என்று பயம். "விழாதுக்கா, பல்லால புடிச்சிக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு இவள் தூங்கிவிட்டாள்.

சாரத்தில் முத்துவேலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் பிளம்பர் வேலை பார்க்கிறான். அதிகம் பேசாத ஆள். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. ஊரார் ஆட்டுக்கெல்லாம் குட்டி சேர்த்து வைப்பவளுக்கு மடியில் ஒன்று இல்லையே என்று சந்தில் பேசாதவர்கள் கிடையாது. ஏழாவது வருஷம் தமிழ்மாறன் பிறந்தான். இந்தக் கதை நடந்தபோது அவனுக்கு ஏழு மாதம். மாறன், மாறன் என்று சந்தே தூக்கிக் கொஞ்சும். பசி வந்தால் மட்டும் அவனுக்கு அம்மாவைத் தவிர வேறு யாரும் கூடாது.

வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை. பாதி வேலிக்காத்தான் புதர், பாதி குப்பை. உடைந்த சிமென்ட் தொட்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அதன் அடியில் கருப்பி என்ற தெருநாய் நான்கு குட்டி போட்டிருந்தது. கலையரசி தினமும் ஒரு சட்டியில் கஞ்சி ஊற்றி வைப்பாள். பால் கொடுக்கிறவளுக்கு எப்படிப் பசிக்கும் என்று அவளுக்கு இப்போது உடம்பிலேயே தெரியும்.

பக்கத்து வீட்டு அன்னக்கிளிக்கு அந்த நாயைக் கண்டாலே ஆகாது. ஐம்பது வயசைத் தாண்டியவள், வாய் கொஞ்சம் நீளம்.

"நகராட்சிக்குச் சொல்லி வண்டி வரவெச்சிடப் போறேன் பாரு. பால்காரன் மேல பாயுது, பேப்பர்காரன் மேல பாயுது."

"குட்டிங்க பால் மறக்குற வரைக்கும் பொறுங்கக்கா. இப்ப புடிச்சிக்கினு போனா நாலும் செத்துடும்."

"ஆமா, அதுக்கு நீதான் சம்பந்தி."

"சம்பந்தி இல்லக்கா, நாங்க ரெண்டு பேரும் ஒரே பந்தி" என்று சிரித்தாள் கலையரசி. அன்னக்கிளியும் சிரித்துவிட்டாள். வண்டி வரவில்லை.

ஆடி முடிகிற சமயம், ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. காலையில் கலையரசி வாசலுக்கு வந்தபோது ஒரு நாய்க்குட்டி பக்கத்துக் கால்வாயில் சறுக்கி விழுந்து தத்தளித்துக்கொண்டிருந்தது. குனிந்து அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கினாள். கருப்பி எப்போது வந்தது என்று தெரியவில்லை. உறுமவில்லை, குரைக்கவில்லை. பின்னாலிருந்து வந்து அவள் வலது மணிக்கட்டைக் கவ்வி, ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு விட்டது. இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. ரத்தம் மழைத் தண்ணீரோடு வழிந்தது.

அன்னக்கிளி ஓடிவந்தாள். "மொதல்ல ஊசி போட்டுக்கோடி."

"பெத்தவ கோவத்துக்கு ஊசியா? குட்டி மேல கை வெச்சா கடிக்காம கொஞ்சுவாளா? வெறி புடிச்சது வேற, குட்டி போட்டது வேறக்கா. எனக்குத் தெரியாதா?"

எத்தனை தாய்களைப் பார்த்தவள். ஈன்ற மாடு முட்டியிருக்கிறது, பூனை பிறாண்டியிருக்கிறது, பன்றி துரத்தியிருக்கிறது. எல்லாம் குட்டிக்காகத்தான். அந்தப் பழக்கத்தில் அவள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் காயத்தில் அப்பி, மேலே துணியைச் சுற்றிக்கொண்டாள். சாயங்காலம் முத்துவேல் கேட்டபோது, "ஆட்டுக் கயிறு அறுத்துடுச்சி" என்றாள். உண்மையைச் சொன்னால் கருப்பியை அடித்து விரட்டுவான் என்று நினைத்தாள். அன்னக்கிளியிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அன்னக்கிளி ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமல் இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அடுத்த நாள் கஞ்சி அப்படியே இருந்தது. எங்கேயாவது கறிக்கடையில் தின்றிருக்கும் என்று விட்டுவிட்டாள். அதற்கும் மறுநாள் தொட்டிக்கடியில் குட்டிகள் கத்திக்கொண்டே இருந்தன. வயிறு நிறைந்த குட்டி கத்தாது, தூங்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பால் மறக்கடிக்க ஆரம்பித்துவிட்டதோ என்று ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் காயம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்தக் கையாலேயே மாறனைத் தாங்கி, பால் கொடுத்துத் தூங்கவைத்தாள்.

புதன்கிழமை காலை. முத்துவேல் வேலைக்குப் போயிருந்தான். மாறன் உள்ளே தூளியில் தூங்கினான். ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது சந்தின் முனையில் கருப்பி வந்துகொண்டிருந்தது.

பின்னங்கால்கள் ஒன்றோடொன்று இடறின. தாடை தொங்கிப்போய், எச்சில் நூலாக இறங்கியது. மடி வீங்கிச் சிவந்து, நடக்க நடக்கப் பால் சொட்டு சொட்டாக மண்ணில் விழுந்தது. தொட்டிக்கடியிலிருந்து குட்டிகள் தள்ளாடி வெளியே ஓடிவந்தன. ஒன்று கருப்பியின் வயிற்றுக்கடியில் புகுந்து காம்பைப் பிடித்துக்கொண்டது.

கலையரசி கையில் வாளியோடு பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது தாய் படுத்துக்கொள்ள வேண்டும். அல்லது காலால் உதறிவிட்டு நடக்க வேண்டும். அல்லது திரும்பி முகர்ந்தாவது பார்க்க வேண்டும். இதைத் தவிர நான்காவது ஒன்றை அவள் எந்தத் தாயிடமும் பார்த்ததில்லை. கருப்பி இதில் எதையும் செய்யவில்லை. தன் உடம்பில் எதுவும் தொங்கவே இல்லை என்பது போல நடந்தது. குட்டி காம்பைப் பிடித்தபடியே இழுபட்டது. வழியில் கிடந்த ஒரு கட்டையைக் கருப்பி கடித்தது. விட்டுவிட்டு மறுபடியும் கடித்தது. பிறகு குனிந்து, காலடியில் வந்த இன்னொரு குட்டியை அதே மாதிரி, அந்தக் கட்டையைக் கடித்த மாதிரியே கடித்துக் கீழே போட்டது.

இது கோபம் இல்லை. கோபப்படுவதற்குக் குட்டி தன்னுடையது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாளி கையிலிருந்து நழுவியது. ஐந்து நாளாக மறந்திருந்த மணிக்கட்டு விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. வாசல் படலை இழுத்துச் சாத்திக்கொண்டு, "கொழந்தைங்கள வெளிய வுடாதீங்க, கதவ சாத்துங்க" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

அந்தச் சத்தத்தில் மாறன் விழித்துக்கொண்டான். பசிக்கான அழுகை. அழுகை காதில் விழுந்ததும் அவள் மார்பு தானாகச் சுரந்து ரவிக்கை நனைந்தது. உள்ளே ஓடியவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவனை எடுக்கக் கை நீளவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று அவன் குடித்த ஒவ்வொரு வேளையும் கண்ணுக்கு முன்னால் வந்தது. நாயிடமிருந்து கைக்கு வந்தது கையோடு நின்றிருக்குமா? ரத்தம்தானே பாலாகிறது என்று சொல்லுவார்கள். தன் மாரிலிருந்து வழிவது என்ன என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"அன்னக்கிளியக்கா" என்று சுவரைத் தாண்டிக் கூப்பிட்டாள். குரல் அவளுடையதாக இல்லை. "வந்து மாறன எடுங்க."

"நீ எங்க போற?"

"எங்கயும் போல. நான் அவன தொடமாட்டேன்."

அன்னக்கிளி வந்து அவள் முகத்தைப் பார்த்தாள். எதிர் மனையைப் பார்த்தாள். குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டாள். காய்ச்சி வைத்திருந்த ஆட்டுப்பாலைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டிப் பார்த்தாள். அவன் துப்பினான். இரண்டு கைகளையும் அம்மாவிடம் நீட்டி, முகம் நீலமாகும் வரை அழுதான். கலையரசி சுவரோடு ஒட்டி நின்று, மார்பின் குறுக்கே முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நனைந்துகொண்டே இருந்தது. வெளியே குட்டிகள் கத்தின. உள்ளே மாறன் கத்தினான். இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்டது அவளுக்கு.

தவளக்குப்பத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கருப்பி கடிச்சிடுச்சி."

"எப்ப?"

"வெள்ளிக்கெழம."

"இன்னிக்கு புதன்டி" என்றாள் கண்ணகி. அப்புறம், "ஆட்டோ புடி. பெரியாஸ்பத்திரிக்குப் போ. புள்ளையத் தூக்கிக்கினு போ. நான் பஸ் ஏறிட்டேன்னு வெச்சிக்க. மாப்ளைக்கு நான் சொல்றேன்."

ஆட்டோவில் அன்னக்கிளி மடியில் மாறன். கலையரசி மறு ஓரத்தில், கம்பியோடு தன்னை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கால் அவள் மேல் பட்டபோது நகர்ந்துகொண்டாள்.

"ஆட்டுக்கெல்லாம் டாக்டரு நீ" என்றாள் அன்னக்கிளி. "ஒனக்கு ஒரு டாக்டரு வேணும்னு மட்டும் தெரியல." சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் வாய மூடிக்கினு இருந்திருக்கக் கூடாது."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "நாய்க்கடியாம்மா? எங்க பெரியப்பா பையனுக்கு அப்படித்தான். தண்ணியப் பாத்தாலே..."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா" என்று அன்னக்கிளி அடக்கினாள். ஆனால் அந்தப் பாதி வாக்கியம் கலையரசியின் காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் முதலில் சுண்ணாம்புப் பொருக்கைக் கரைத்து, குழாயடியில் சோப்புப் போட்டு வெகு நேரம் கழுவச் சொன்னார்கள். நர்ஸ் பக்கத்தில் நின்று, "இன்னும், இன்னும்" என்றாள். "இதை அன்னிக்கே செஞ்சிருந்தா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. மஞ்சள் அரைக்கத் தெரியுது, சோப்பு எடுக்கத் தெரியலயா?"

டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "நாய் இப்ப எப்படியிருக்கு?"

"குட்டிய அடையாளம் தெரியலைங்க அதுக்கு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். உடனே நர்ஸைக் கூப்பிட்டார். கடிபட்ட இடத்தைச் சுற்றியே மருந்து ஏற்றினார்கள். கை எரிந்தது. புஜத்தில் தடுப்பூசி போட்டார்கள். இன்னும் எந்தெந்த நாளில் வரவேண்டும் என்று சொன்னார்கள். "லேட்தான். ஆனா இப்பவாவது வந்துட்ட. ஒரு ஊசிகூட விடக்கூடாது, புரியுதா?"

கலையரசிக்கு அது எதுவும் முக்கியமாகப் படவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வாயைத் திறந்தாள்.

"கொழந்தைக்கு... பால்..."

"குடுக்கலாம்மா."

"அஞ்சு நாளா குடுத்திருக்கேங்க."

"குழந்தை கிட்ட அந்த நாய் வந்துச்சா? நக்குச்சா?"

"இல்லைங்க."

"அப்ப அவனுக்கு ஒண்ணும் இல்ல. ஊசி போட்டாலும் தாராளமா பால் குடுக்கலாம். காலையிலேருந்து குடுக்கலையா?" டாக்டரம்மா வெளியே கேட்கும் அழுகையைக் கவனித்தார். "அது உன் குழந்தையா? போ, மொதல்ல போய்க் குடு."

வராந்தா பெஞ்சில் அன்னக்கிளி குழந்தையை நீட்டினாள். கண்ணகி அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். வந்ததும் முந்தானையை விரித்துத் தங்கைக்கு மறைப்பாக நின்றுகொண்டாள்.

மாறன் வாய் வைத்தான். உறிஞ்சினான். விட்டுவிட்டு வீறிட்டான். பால் வரவில்லை. காலையில் வேண்டாம் வேண்டாம் என்றபோது வழிந்தது, இப்போது மார்பு கல்லாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இது என்னவென்று அவளுக்குத் தெரியும். நாய் துரத்திய மாடும், பட்டாசுக்கு மிரண்ட ஆடும் இப்படித்தான் பாலை ஏற்றிக்கொள்ளும். மடி நிறைய இருக்கும், சொட்டு இறங்காது. அந்த நேரத்தில் அடித்தாலும் இழுத்தாலும் இன்னும் மேலேதான் ஏறும். அவள் திரும்பி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். சுவரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. குழந்தையை அவன் போக்கில் விட்டாள். அவன் தலையால் முட்டினான், குட்டி மடியை முட்டுகிற மாதிரி. கையால் அறைந்தான். அவள் தடுக்கவில்லை. ஆடுகளுக்குப் போடும் சத்தத்தை, உதட்டை மூடி அடித்தொண்டையில் போடும் அந்த மெல்லிய சத்தத்தைத் தனக்கே போட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து அவன் உச்சந்தலையை முகர்ந்தாள். வேர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த அவன் வாசனை. எனக்கு இவனைத் தெரிகிறது என்று நினைத்தாள். எனக்குத் தெரிகிறது.

முதலில் வலித்தது. அப்புறம் இறங்கியது. மாறன் மூச்சு முட்ட ஒரு மடக்கு விழுங்கினான். கண்ணகி முந்தானையை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்தாள்.

அவர்கள் வீடு திரும்பியபோது கருப்பி மனை ஓரத்தில் செத்துக் கிடந்தது. யாரோ தகவல் சொல்லி, கனத்த கையுறை போட்ட இரண்டு பேர் வண்டியில் வந்திருந்தார்கள். குட்டிகளைக் கூண்டில் எடுத்துப் போட்டார்கள். கலியமூர்த்தி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ நெனச்சா இதுங்கள வளத்துடுவியேம்மா. ஒன் ஆட்டுக்கிட்ட வுட்டு..."

"தொடாதீங்க அண்ணே" என்றாள் அவள். "கிட்ட போவாதீங்க."

எந்தக் குட்டியையும் கைவிட்டுப் பழக்கம் இல்லாதவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். வண்டி சந்தைத் தாண்டும் வரை அந்தச் சத்தம் கேட்டது. ஆடுகளைக் கால்நடை டாக்டர் வந்து பார்த்து, கடிபடவில்லை என்று சொல்லும் வரை ஒரு சொட்டுப் பால் வெளியே கொடுக்கவில்லை.

முத்துவேல் வந்தான். கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "கயிறு அறுத்துடுச்சின்ன" என்றான். அடுத்த ஊசிகளுக்கெல்லாம் அவனே வேலையை விட்டுவிட்டுக் கூட்டிப் போனான்.

ஊசிகள் முடிந்து மாதங்கள் ஆகின்றன. ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சந்தில் இப்போது எந்த நாய் யாரைக் கடித்தாலும் கலையரசியே சோப்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை விடுவதில்லை. குட்டி சேர்க்காத ஆட்டுக்கு அவளை இன்னும் கூப்பிடுகிறார்கள். அவள் போகிறாள். ஆனால் போனதும் முன்போல உடனே கை வைப்பதில்லை. தாயின் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

டிரைவர் பாதியில் விட்ட வாக்கியம் மட்டும் அவளை விடவில்லை. தினமும் காலையில் பல் துலக்கியதும் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாள். வாயருகே கொண்டுபோகும்போது தொண்டை ஒரு நொடி இறுகும். அது நோயா பயமா என்று குடித்தால்தான் தெரியும். குடிப்பாள். மடக்கு மடக்காக, கடைசிச் சொட்டு வரை.

மாறனுக்கு இது பழகிவிட்டது. பசித்தாலும் அழுவதில்லை. பாயில் உட்கார்ந்து, தண்ணீர் இறங்கும் அம்மாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பான். டம்ளர் கீழே வைக்கப்பட்டதும் இரண்டு கைகளையும் நீட்டுவான்.